பதினோராம் நாள் கழற்ற வேண்டிய வயர்

சூசைரட்ணத்துக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வேலை நாள். மற்ற நாட்களில் ஒஸ்லோவில் ஒரு பள்ளிக்கூடத்தின் தாழ்வாரமும் கழிப்பறையும் துடைப்பான். அதை அவன் வேலை என்று சொன்னதில்லை. சம்பளம் என்றுதான் சொல்வான். ஞாயிறு தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து, வாசலில் ஒரு சிகரெட்டை இழுத்துவிட்டு, காரின் பின்பக்கத்திலிருந்து அந்தப் பச்சைக் கன்வஸ் பையைத் தோளில் போட்டானென்றால், நாங்கள் குடியிருக்கும் புருசெத்தில் ஏதோவொரு தமிழ் வீட்டுச் சுவரில் அன்றைக்கு ஓட்டை விழப்போகிறது என்று விளங்கிக்கொள்ளலாம்.

என்னைவிட மூன்று வயது மூத்தவன். ஆனால் வடக்கே ஹம்மர்பெஸ்ட்டில் மீன் தொழிற்சாலை விடுதியில் ஒரே அறையில் இரண்டு பனிக்காலம் கிடந்தவர்களுக்குள் அண்ணன் தம்பி மரியாதையெல்லாம் நிற்காது. அங்கே எங்கள் அறை ஹீற்றர் செத்துப்போனது. விடுதிக்காரன் வருவான் வருவான் என்று நாங்கள் போர்வைக்குள் சுருண்டு கிடக்க, சூசை மீன் வெட்டும் கத்தியின் முனையால் திருகாணியைக் கழற்றி அதை எழுப்பினான். அன்றிலிருந்து எங்கள் ஆட்களுக்குக் கறண்ட் என்றால் சூசை.

ஊரில் அவன் இளவாலைப் பக்கம் ஒரு ‘லைற் மெஷின்’காரரிடம் பதினைந்து வருடம் நின்றவன். திருவிழாவென்றால் ரியூப் லைற்றும் சோடனை வளைவும் கட்டி, ஜெனரேற்றர் மெஷினில் கறண்ட் எடுத்து எரிக்கிற தொழில். அம்மன் கோயிலென்றும் மாதா கோயிலென்றும் பார்ப்பதில்லை. கொடியேறுவதற்கு முதல் நாள் கட்டுவார்கள், பத்து நாள் எரிப்பார்கள், பதினோராம் நாள் கழற்றிச் சுருட்டி அடுத்த கோயிலுக்கு ஏற்றுவார்கள். ஒரே வயர்தான் ஐம்பது கோயிலுக்குப் போகும். அதனால் வயர்களை முறுக்கி, கறுப்பு ரேப் சுற்றி இணைப்பார்கள். சூசை முறுக்கின முறுக்கு மழையிலும் விட்டதில்லை என்று சொல்வார்கள். அது பொய்யில்லை. நான் ஊர்த் திருவிழாவில் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒஸ்லோவுக்கு வந்த புதிதில் இந்த வேலைக்கே போகலாமென்று இரண்டு இடத்தில் கேட்டுப் பார்த்தான். பாக்பிரேவ் இருக்கிறதா என்றார்கள். அது இந்த நாட்டுத் தொழில் சான்றிதழ். அதற்குப் படிப்பு, பயிற்சி, பரீட்சை என்று நாலைந்து வருடம் போகும், எல்லாம் நொர்வேஜிய மொழியில். சூசைக்கு அப்போது நாலு பிள்ளைகள். துடைப்பத்தைக் கையில் எடுத்தான். அதைப் பற்றி அவன் பிறகு ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் ஆட்கள் வீடு வாங்கத் தொடங்கினார்கள். வாங்கின கையோடு நிலக்கீழ் தளத்தை அறையாக்கி வாடகைக்கு விடுவதுதான் வழக்கம். அதற்கு ஹீற்றர் வேண்டும், அடுப்பு வேண்டும், லைற் வேண்டும். கம்பனிக்காரனைக் கூப்பிட்டால் ஆயிரம் கேள்வி. சூசையைக் கூப்பிட்டால் பையோடு வருவான். கூலி வாங்கமாட்டான். கவரில் வைத்து நீட்டினால் கோபம் வரும். இடியப்பமும் ஆட்டுக்கறியும் சொதியும் போதும். எங்கள் மேசையில் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவனிடம், நீ செய்த வேலைக்கு ஒரு பேப்பர் தா என்று எந்த வாயால் கேட்பது? கேட்டால் அது அவமானம். அப்படியொரு பேப்பர் இருக்கிறதென்று எங்களில் பலருக்குத் தெரியவும் தெரியாது. தெரிந்தவர்களும் வாயைத் திறக்கவில்லை.

என் வீட்டுக் கீழ்த்தளத்தை 2001இல் நாலு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துத் தந்தான். சுவிச்சைப் போட்டான், வெளிச்சம் வந்தது. எங்களுக்கு அதுதான் பரிசோதனை.

ஆறு வருடம் ஒரு தொல்லையும் இல்லை. ஆட்கள் வந்தார்கள், போனார்கள். 2006 கடைசியில் கஜேந்தினி என்ற பிள்ளையும் புருசனும் வந்தார்கள். புருசன் பாண் பேக்கரியில் விடிய மூன்று மணி வேலை. கைக்குழந்தை ஒன்று. சனவரியில் மைனஸ் பதினெட்டுப் பாகைக்குக் குளிர் இறங்கின கிழமை, அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறி வந்தாள்.

“அண்ணை, அறைச் சுவர் மணக்குது.”

“என்ன மணம்?”

“தெரியேல்லை. பிளாஸ்ரிக் கருகிற மாதிரி.”

“நீர் தாளிச்சிருப்பீர்.”

“நான் இண்டைக்கு அடுப்பே மூட்டேல்லை அண்ணை. பாணும் பட்டரும்தான்.”

“ஹீற்றர் புதுக் குளிருக்கு அப்பிடித்தான் மணக்கும். தூசி எரியும்.”

அவள் போய்விட்டாள். மூன்று நாளில் திரும்பி வந்தாள். தொட்டிலுக்குப் பக்கத்துச் சுவர் கைக்குச் சூடாக இருக்கிறதென்றாள். என் மனிசி யோகாம்பாள் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்: “ஒருக்கா இறங்கிப் போய்ப் பாருங்கோவன். அந்தக் காலைத் தூக்கி மேசையில வைச்சுக்கொண்டு பதில் சொல்லாமல்.”

நான் வயோதிபர் இல்லச் சமையலறையில் பத்து மணித்தியாலம் நின்றுவிட்டு வந்திருந்தேன். படி இறங்கவில்லை. சூசைக்குப் போன் பண்ணினேன். ஞாயிறு வந்தான். சுவரைத் தொட்டுப் பார்த்தான். பியூஸ் பெட்டியைத் திறந்து பார்த்தான்.

“பியூஸ் போனதோ?” என்று கஜேந்தினியைக் கேட்டான்.

“இல்லை.”

“பிறகென்ன? கறண்ட் ஓடினால் சூடு இருக்கும்தானே. தொட்டிலை அங்கால இழுத்து விடு பிள்ளை.”

அவள் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு தொட்டிலை இழுத்தாள். நாங்கள் மேலே போய் இடியப்பம் சாப்பிட்டோம்.

மாசியில் கடிதம் வந்தது. மின்சாரப் பாதுகாப்பைப் பார்க்கிற ஆட்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகளைத் தெரிந்தெடுத்துப் பார்ப்பார்கள். இந்த முறை எங்களுக்கு விழுந்தது. வீட்டுச் சொந்தக்காரர் நிற்க வேண்டும், வாடகைப் பகுதியையும் திறந்து காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது. யோகாம்பாள் அதை இரண்டு முறை வாசித்தாள். “சொந்தக்காரர் எண்டு உங்களைத்தான் சொல்லியிருக்கு, என்னை இல்லை,” என்று என் முன்னால் வைத்தாள்.

வந்தது முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு நொர்வேஜியப் பெண். சப்பாத்துக்கு நீல உறை போட்டுக்கொண்டு இறங்கினாள். முதலில் அண்ணாந்து பார்த்தாள்.

“புகை எச்சரிக்கைக் கருவி எங்கே?”

அது அலமாரிக்குள் கிடந்தது, பற்றரி கழற்றப்பட்டு. கடுகும் செத்தல் மிளகாயும் எண்ணெயில் விழுந்தவுடன் அது கத்தும். எங்கள் வீடுகளில் அதைக் கழற்றி வைப்பதுதான் முதல் வேலை. அந்தப் பிள்ளை குடிவந்த அன்றைக்கு “கத்தினால் கழட்டி வையும்” என்று நானேதான் சொன்னேன். நொர்வேஜிய மொழியில் இதை விளங்கப்படுத்த என்னால் முடியவில்லை. அவளும் கேட்கவில்லை. எழுதிக்கொண்டாள்.

பிறகு தொட்டில் முன்பு நின்ற சுவரில் கையை வைத்தாள். மெயினை நிறுத்தச் சொன்னாள். மூடியைக் கழற்றி உள்ளே இருந்ததை மெல்ல இழுத்தெடுத்தாள். கறுப்பு ரேப் பழுப்பாகி, சீனிப்பாகு போல ஒழுகி உறைந்திருந்தது. அதற்குப் பின்னால் மரச்சட்டம் கைப்பிடியளவு கருகியிருந்தது. கஜேந்தினி குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். அவள் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“பியூஸ் ஒரு தரமும் போகவில்லையே,” என்றேன்.

“போகாது. பியூஸ் கூடுதலான கறண்டைத்தான் பார்க்கும். தளர்ந்த இணைப்பை அது பார்க்காது. தீப்பிடிக்கும் வரைக்கும் போகாது,” என்றாள். “இதைச் செய்தது யார்? வேலைக்கான உறுதிப் பத்திரம் இருக்கிறதா?”

“நான்தான் செய்தனான்.”

அவள் என் முகத்தைச் சிறிது நேரம் பார்த்தாள். நம்பவில்லை என்று தெரிந்தது.

“நீங்கள் செய்திருந்தாலும் வேறு யாரும் செய்திருந்தாலும், இந்த வீடு உங்களுடையது. இங்கே குடியிருக்கிறவர்களுக்குப் பாதுகாப்பான வீட்டைத் தரவேண்டியது நீங்கள். இந்த லைன் இன்றோடு நிற்கிறது. அனுமதி பெற்ற கம்பனியைக் கொண்டு திருத்தி, பத்திரத்தை எங்களுக்கு அனுப்புங்கள்.”

பியூஸைக் கழற்றி என் கையில் தந்துவிட்டுப் போனாள். அன்றைக்கே கஜேந்தினி குடும்பத்தை மேலே எங்கள் சாமி அறையில் படுக்க வைத்தோம்.

பார்க்க வந்த பெண்ணிடம் அந்த எரிந்த துண்டை வெட்டித் தரச் சொல்லி வாங்கி வைத்திருந்தேன். ஐஸ்கிரீம் பெட்டியொன்றில் போட்டு, அடுத்த ஞாயிறு பூசை முடிகிற நேரம் கோயில் வாசலுக்குக் கொண்டுபோனேன். சூசை சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

“என்னடாப்பா மகேசன், வேதத்துக்கு மாறி ஞானஸ்நானம் எடுக்கப்போறியோ?”

பெட்டியைத் திறந்து காட்டினேன். சிரிப்பு அப்படியே நின்றது.

“உது என்ரை ஜொயின்ற் இல்லை.”

“உன்ரைதான்.”

“என்ரை ஜொயின்ற் உப்பிடி வராது. மழைக்கை நிண்டது. நீ கண்டனிதானே?”

“கண்டனான். உதையும் கண்டனான். பின்னால கட்டை கரியாய்க் கிடக்கு சூசை. அந்தக் குழந்தை அதுக்குப் பக்கத்திலதான் படுத்தது.”

அவன் துண்டைக் கையில் எடுத்தான். நகத்தால் ரேப்பைச் சுரண்டினான். உள்ளே முறுக்கு இருந்தது, வலப்பக்கமாக ஏழு சுற்று, கடைசியில் ஒரு மடிப்பு. அந்த மடிப்பு அவனுடையது. வேறு யாரும் அப்படி மடிப்பதில்லை. சிகரெட் விரலில் தானாகவே எரிந்து சாம்பல் விழுந்தது.

“அங்கை பத்து நாள் எரியும்,” என்றான் கடைசியில். “பதினோராம் நாள் கழட்டுவம். கழட்டேக்கை பழுதானதை வெட்டி எறிவம். இஞ்சை ஆர் கழட்டினது? நான் சுவருக்குள்ளை வைச்சுப் பூசிப்போட்டு வந்திட்டன்.”

“எனக்கும் தெரியாதுதானே.”

“உனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும்.” துண்டைப் பெட்டிக்குள் போட்டான். “அவள் மணக்குது எண்டு சொன்னவள். நான் தொட்டிலைத் தள்ளச் சொன்னனான்,” என்றான்.

நான் அதற்கு முதலே தாளிச்ச மணம் என்று சொன்னவன்.

சூசை என் காருக்குள் ஏறி இருந்து விரல்விட்டு எண்ணத் தொடங்கினான். எங்கேயும் எழுதி வைத்ததில்லை, எல்லாம் தலைக்குள்தான். எந்த வீட்டில் எந்தச் சுவர், அன்றைக்கு என்ன சாப்பாடு என்பதும் சேர்த்து. முப்பத்தொரு வீடு. பாதிக்கு மேல் வாடகை அறைகள். வீட்டுக்காரர் மேலே, புதிதாக வந்த குடும்பம் கீழே, சுவருக்குள் சூசையின் முறுக்கு.

“எல்லாருக்கும் சொல்லவேணும்.”

“சொன்னால் உன்னை என்னெண்டு கதைப்பாங்கள் தெரியுமோ?”

“தெரியும்.”

“ஒருத்தன் பொலிசுக்குச் சொன்னாலும் உன்ரை பள்ளிக்கூட வேலை போடும்.”

“வண்டியை எடு மகேசன்.”

அந்த வருடம் உயிர்த்த ஞாயிறு ஒன்றை விட்டு, மாசியிலிருந்து வைகாசி வரைக்கும் ஞாயிறு ஞாயிறாகப் போனோம். பை இல்லாமல். நான்தான் கார் ஓட்டினேன். ஒவ்வொரு வீட்டிலும் அதே கதை. பெல் அடித்தால் முகம் மலரும். “வாங்கோ சூசை அண்ணை, நீங்கள் இந்தப் பக்கம் வாறதே இல்லை,” என்பார்கள். தேத்தண்ணி வரும். அவன் தேத்தண்ணியைத் தொடாமல் ஐஸ்கிரீம் பெட்டியை மேசையில் வைப்பான். “நான் உங்கடை வீட்டில செய்த வேலை பிழை. அந்த லைனை நிப்பாட்டுங்கோ. கம்பனிக்காரனைக் கூப்பிட்டு மாத்துங்கோ.” இவ்வளவுதான் சொல்லுவான். மேலதிகமாக ஒரு சொல் வராது. பள்ளிக்கூடத் தாழ்வாரம் துடைக்கிறதுபோல ஒரு முனையில் தொடங்கி மறுமுனைவரை போனான்.

சிலர் கேட்டார்கள். சிலர் பயந்தார்கள். சிலர் சிரித்தார்கள். ஒரு வீட்டுக்காரி, “உங்களுக்கு நான் எத்தினை தரம் ஆட்டுக்கறி காய்ச்சினனான்?” என்று கேட்டாள். இன்னொருவன், “பிழை எண்டால் நீயே வந்து திருத்து, உன்ரை வேலைதானே,” என்றான். “நான் இனித் தொடக்கூடாது,” என்றான் சூசை. “முந்தித் தொடேக்கை தெரியேல்லையோ?” சூசை பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு எழும்பினான். படியிறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

கடைசிக்கு முதல் வீடு குகதாசனுடையது. கீழே மூன்று அறை, மூன்று குடும்பம். எங்கள் ஆட்களுக்குள் வாடகை வீட்டுக்காரன் என்றால் குகதாசன்தான். பெட்டியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

“உதெல்லாம் நடக்கிற கதையே? ஆறு வருசமாய் ஒண்டும் நடக்கேல்லை. கம்பனிக்காரனைக் கொண்டுவந்து சுவரை உடைச்சால் அதுகள் எங்கை போய்ப் படுக்கிறது?”

“சாமி அறையில படுக்க விடு. மகேசன் விட்டவன்.”

“மகேசனுக்கு விசர்.”

சூசை எழும்பினான். வெளியே போகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் நேரே கீழே இறங்கினான். பியூஸ் பெட்டி எங்கே இருக்கிறதென்று அவனைவிட வேறு யாருக்குத் தெரியும்? திறந்து, மூன்று அறைக்குமான பீங்கான் பியூஸ்களையும் ஒவ்வொன்றாகத் திருகிக் கழற்றி, கோட்டுப் பையில் போட்டான். அறைக் கதவுகள் திறந்தன. பெண்களும் குழந்தைகளும் எட்டிப் பார்த்தார்கள்.

“ஆரடா நீ என்ரை வீட்டில கை வைக்க? கள்ளன்! நான் பொலிசுக்கு அடிக்கிறன். பாக்பிரேவ் இல்லாமல் வேலை செய்தவன் எண்டு சொல்லுவன்!”

“சொல்லு,” என்றான் சூசை. “நான் ஓம் எண்டுவன். பிறகு வீட்டுக்காரன் ஆர் எண்டு கேப்பினம். அதுக்கு நீ ஓம் எண்டு சொல்லவேணும்.”

பிறகு அந்தக் கதவுகளைப் பார்த்துத் திரும்பினான். “பிள்ளையள், சுவருக்குள்ளை நான் வைச்ச வயர் பிழை. எரியக்கூடியது. திருத்தித் தா எண்டு இவரைக் கேளுங்கோ. அது உங்கடை உரிமை. பியூஸ் கடையில கிடைக்கும், இவர் வாங்கிப் போடுவார். போட விடாதையுங்கோ.”

குகதாசன் படியடியில் நின்றான். அவனுக்குப் பின்னால் மூன்று கதவிலும் ஆட்கள் நின்றார்கள். ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, “அண்ணை, எப்ப கம்பனிக்காரரைக் கூப்பிடுவியள்?” என்று கேட்டாள். நாங்கள் காருக்குப் போய்ச் சேரும்வரைக்கும் அவன் அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். செவ்வாய்க்கிழமை கம்பனி வாகனம் அவன் வாசலில் நின்றதை நான் வேலைக்குப் போகையில் கண்டேன்.

காருக்குள் சூசையின் கோட்டுப் பையில் பியூஸ்கள் கிலுகிலுத்தன. “களைச்சுப் போனன் மகேசன்,” என்றான். ஹம்மர்பெஸ்ட்டில் பத்து மணித்தியாலம் மீன் வெட்டிவிட்டு வந்தும் அவன் அந்தச் சொல்லைச் சொன்னதை நான் கேட்டதில்லை.

முப்பத்தொரு வீட்டில் இருபத்துநாலு வீடு திருத்தினார்கள் என்று கேள்வி. ஏழு பேர் கதவைச் சாத்தினவர்கள். அதில் ஐந்து பேருடைய வாடகைக்காரரைத் தெருவில் மறித்தும் கடையில் மறித்தும் சூசை சொல்லிவிட்டான். மற்ற இரண்டு வீட்டுக்கும் இன்னும் போய்க்கொண்டிருக்கிறான். அவர்கள் அவனைக் கண்டால் லைற்றை நிறுத்திவிட்டு உள்ளே இருந்துவிடுகிறார்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் அவனைக் கூப்பிடுவதில்லை. பெண் பிள்ளைகளின் சாமத்திய வீட்டிலும் பிறந்தநாளிலும் கண்டால் ஒரு தலையாட்டல். பூசை முடிந்தால் சிகரெட், பிறகு வீடு.

என் கீழ்த்தள வேலை முடிந்து பத்திரம் வந்த ஞாயிறு அவனை வரச் சொன்னேன். பத்திரத்தை மடித்து பியூஸ் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை முழுக்க வாசித்தான். பிறகு அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்தான். குளிர்ந்து கிடந்தது. கஜேந்தினி தொட்டிலைப் பழைய இடத்துக்கே தள்ளியிருந்தாள்.

யோகாம்பாள் மேலே இடியப்பமும் ஆட்டுக்கறியும் சொதியும் ஆக்கி வைத்திருந்தாள். அவன் கதிரையில் இருக்க மறுத்தான்.

“நான் ஒரு வேலையும் செய்யேல்லையே தங்கச்சி. என்னெண்டு சாப்பிடுறது?”

“விசர்க்கதை கதைக்காமல் இருங்கோ அண்ணை. ஆறிப்போகுது.”

“இல்லைப் பிள்ளை. வேண்டாம்.”

அப்போது கஜேந்தினி படியேறி வந்தாள். கையில் புதுப் புகை எச்சரிக்கைக் கருவி, பெட்டி உடைக்கவில்லை.

“அண்ணை, இதை சீலிங்கில பூட்ட வேணும். மகேசன் அண்ணை மூண்டு நாளாய்ப் பூட்டுறன் பூட்டுறன் எண்டு சொல்லுறார்.”

சூசை அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். “இதுக்குப் பேப்பர் வேணுமோ?”

“இல்லையாம். பற்றரிதான். வீட்டுக்காரர் தானே பூட்டலாம், அவர் சொல்லுற ஆளும் பூட்டலாமாம். நான் அண்டைக்குச் சோதிக்க வந்த பெம்பிளையிட்டைப் போன் பண்ணிக் கேட்டனான்.”

சூசை என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன். கதிரையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினான். இரண்டு திருகாணி, ஒரு கால்மணி நேரம். அளந்து, சுவருக்கும் விளக்குக்கும் எட்ட, சரியாக நடுவில் பூட்டினான். பொத்தானை அமத்திக் கத்த வைத்துப் பார்த்தான். பிறகு மேலே வந்து, கையைக் கழுவி, துவாயில் துடைத்து, கதிரையில் இருந்தான்.

இரண்டாவது இடியப்பத்தைப் பிய்க்கும்போது கீழே எண்ணெயில் கடுகு வெடித்தது. அடுத்த நொடி கருவி கத்தத் தொடங்கியது. வீடு முழுக்கக் காது அடைத்தது. கஜேந்தினி துவாயால் விசிறுவது கேட்டது.

“கழட்டட்டோ அண்ணை?” என்று கீழேயிருந்து கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் சூசை படிப்பக்கம் திரும்பினான்.

“கழட்டாதை பிள்ளை. யன்னலைத் திற. கத்தட்டும்.”

சொதிக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.